சுற்று முடிந்ததும் கொக்கியைக் கீழே வைக்கவும்

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், பசாருக்குப் போய் வம்பு வளர்க்கிறேன் என்று சொல்வது வழக்கம். அது முழுப் பொய் இல்லை. போன மாதம் மலாக்கா டவுன் பசார் ஒன்றில் இரண்டு இளம் பெண்கள் குரோஷே பூக்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். நூலில் பின்னிய சூரியகாந்தி, நூலில் பின்னிய ரோஜா. என் மனைவி விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் ஒரு சூரியகாந்தியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

"என்ன அங்கிள் தேடுறீங்க? டேமேஜ்லாம் இல்ல லா" என்றாள் ஒருத்தி.

"சுத்து எங்க சேருதுன்னு பாக்குறேன்மா."

"இவருக்கு இதே வேலதான்" என்றாள் என் மனைவி. "போற வீட்டுல டீ குடுத்தா குடிக்க மாட்டாரு. கிளாசுக்குக் கீழ இருக்குற பின்னல திருப்பிப் பாப்பாரு."

உண்மைதான். தொழில் புத்தி லேசில் போகாது. நான் தையல்காரன் இல்லை. அரசாங்க மருத்துவமனை ஒன்றில், பக்கவாதம் வந்தவர்களுக்கும் விபத்தில் கை நசுங்கியவர்களுக்கும் கையை மறுபடி வேலைக்குப் பழக்கும் பிரிவில் உதவியாளராக இருந்தவன். எங்கள் பிரிவின் அலமாரியில் மரக்கட்டைகள், களிமண், துணி மாட்டும் கிளிப்புகள் இவற்றோடு ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொக்கி ஊசிகளும் நூல்கண்டுகளும் இருந்தன. குரோஷே எனக்கு அங்கே வந்ததுதான்.

அந்தப் பசார் போய் வந்த சில நாளில் ஷர்மிளாவிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஷர்மிளா இப்போது அந்தப் பிரிவில் வேலை செய்யும் பெண். துடிப்பானவள். கையில் மாட்டினால் திரையில் பந்து பிடிக்கும் கையுறை இயந்திரம் ஒன்று அங்கே வந்திருக்கிறது. நானும் போய் மாட்டிப் பார்த்தேன், நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பேஷண்ட் எனக்குக் குரோஷேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாராம்.

"அங்கிள், நானே யூடியூப் பாத்துக் கத்துக்கிட்டேன். எல்லாம் ஓகே. ஆனா இந்த ஒவ்வொரு ரவுண்டும் ஜாயின் பண்றது இருக்கே, அதுல பேஷண்ட் ஸ்டக் ஆகிடுறாங்க. ஜாயின் பண்ணாம அப்படியே சுத்திக்கிட்டே போகலாம் தானே? நத்தை மாதிரி? அதுதானே ஈஸி? நீங்க ஜாயின் பண்ணித்தான் சொல்லிக் குடுப்பீங்கன்னு இங்க சிஸ்டர் சொன்னாங்க. ஏன் அங்கிள்?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதிலைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் அலோர் காஜா பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். மருத்துவமனையில் கட்டில் தள்ளும் வேலைக்குச் சேர்ந்து, சில வருடம் வார்டு வார்டாகத் தள்ளிவிட்டு, ஆள் குறைவு என்று கைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டேன். பயிற்சி கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் படித்ததை ஒரு கையளவில் சொல்லிவிடலாம். மிச்சத்தை மிஸஸ் தம்பையா கற்றுக்கொடுத்தார்.

மிஸஸ் தம்பையா எங்கள் பிரிவின் தலைவி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குள்ளமானவர். நடந்து வரும் சத்தம் கேட்காது, திரும்பினால் பின்னால் நிற்பார். பேஷண்ட் ஒருவர் கப்பைத் தூக்க முயலும்போது மேடம் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கப் கவிழும், தண்ணீர் கொட்டும், அந்தக் கைகள் முன்னால் வராது. முதல் வாரம் எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. என்ன மனுஷி இவர் என்று நினைத்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நான் போய் மாட்டிவிட்டேன்.

"என்ன காணும், உம்முடைய கை நல்லா வேலை செய்யுதே" என்றார் மேடம். "உமக்கு ட்ரீட்மெண்ட் தேவையில்லை. அந்த ஐயாவுக்குத்தான் தேவை. கையைப் பின்னால கட்டும்."

அன்றிலிருந்து நானும் கட்டப் பழகினேன். கேட்க லேசாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், உதவாமல் நிற்பது எத்தனை பெரிய உடம்பு வேலை என்று.

குரோஷே என்றால் ஆண்கள் முறைப்பார்கள். லாரிக் கதவு விழுந்து விரல் நொறுங்கிய டிரைவர் ஒருவர், "மேடம், இது பொம்பள வேல லா. என் கூட்டாளிங்க பாத்தா சிரிப்பானுங்க" என்றார். மேடம் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையில ஆம்பிளை எண்டு எங்கையும் எழுதிக் கிடக்கேல்லையே" என்றார். டிரைவர் சிரித்துவிட்டார். பிறகு அவர் பின்னிய வட்டத் துண்டுதான் பல நாள் மேடத்தின் டீ கிளாசுக்குக் கீழே இருந்தது. அவர் முதலில் பின்னிய துண்டு மட்டும் கிளாசுக்குக் கீழே வைக்க லாயக்கில்லாமல் போனது. அது மலாய்க்காரர்கள் போடும் சொங்கோக் தொப்பி மாதிரி எழும்பி நின்றது. காரணம், சுற்றைச் சேர்க்கும் இடத்தில் அவர் செய்த தப்பு.

அந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஷர்மிளாவுக்காக. நடுவில் சின்ன வளையம் போட்டு அதைச் சுற்றித் தையல் போட்டுக்கொண்டு வருகிறோம். ஒரு சுற்று முடிகிறது. இப்போது கடைசித் தையலை முதல் தையலோடு சேர்க்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு முதல் தையல் எது என்று தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் சுற்றைத் தொடங்கும்போதே முதல் தையலில் ஒரு துண்டுச் சிவப்பு நூலைக் கோத்து வைக்கச் சொல்வேன். திரும்பி வரும்போது அந்தச் சிவப்புதான் வீடு. அதன் தலையில் சடை மாதிரி இரண்டு இழை படுத்திருக்கும். கொக்கியை இரண்டு இழைக்கும் அடியில் விட்டு, நூலைப் பிடித்து, எல்லாவற்றின் வழியாகவும் ஒரே இழுப்பில் வெளியே எடுக்க வேண்டும். அதுதான் இணைப்பு. அதற்குப் பிறகு ஒரு சங்கிலித் தையல் போட்டு அடுத்த சுற்றுக்கு ஏற வேண்டும்.

தப்பு எங்கே நடக்கும் என்றால், அந்த இணைப்பும் பார்வைக்கு ஒரு தையல் மாதிரியே இருக்கும். அதையும் தையல் என்று எண்ணி அதில் ஒன்று கூடுதலாகப் போட்டால் துணி அலை அலையாகப் புரளும். அதற்குப் பயந்து முதல் தையலையும் சேர்த்துத் தாண்டினால் சுற்றுக்கு ஒன்று குறைந்து தொப்பியாகிவிடும். டிரைவர் தாண்டுகிற ஆள். லாரி ஓட்டுகிறவருக்குத் தாண்டத்தானே வரும்.

சுற்றைச் சேர்க்காமல் போகலாமா என்று நான் கேட்டது அப்போதுதான். "மேடம், நத்தை ஓடு மாதிரி சுத்திக்கிட்டே போனா இந்தத் தொல்லையே இல்லையே?"

மேடம் கொக்கியை என் கையில் கொடுத்து, சேர்க்காமல் பின்னச் சொன்னார். பின்னினேன். "இப்ப சேர்த்துப் பின்னும்" என்றார். சுற்று முடிந்தது. "கொக்கியைக் கீழ வையும்." வைத்தேன். "எண்ணும்." எண்ணினேன். "சிவப்பு நூலைத் தேடும். இப்ப கொக்கியை எடும். சேரும்." எல்லாம் செய்தேன்.

"என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். நான் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"சுத்திக்கொண்டே போனால் கை கொக்கியை விடவே தேவையில்லை. சேர்த்தால் ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா விட வேணும், ஒருக்கா எடுக்க வேணும். பக்கவாதம் வந்த கைக்குப் பிடிக்கிறது லேசு காணும். பிறந்த பிள்ளைகூடப் பிடிக்கும். விடுறதுதான் வேலை."

எனக்கு அது அன்றைக்குக் காதில் மட்டும்தான் ஏறியது. பாக்கியம் அக்கா வந்த பிறகுதான் புரிந்தது.

பாக்கியம் அக்கா தெங்கேரா பக்கத்தில் ஒரு கடை வரிசையின் ஐந்தடி நடைபாதையில் பூ விற்றவர். மாலை கட்டுவதில் பெயர் எடுத்தவர். ஒரு காலை சரம் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்துவிட்டாராம். பேச்சு தப்பித்தது, நடையும் மெல்ல வந்துவிட்டது. வலது கை மட்டும் முஷ்டியாக இறுகிவிட்டது. அவருடைய மகன் குமரன்தான் அவரைக் கூட்டி வருவான். செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக அம்மாவை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் பயிற்சி செய்யும் நேரமெல்லாம் பக்கத்து நாற்காலியில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பான். தூங்குடா என்றால் தூங்க மாட்டான்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோலா சுங்கை பாரு ஊர்ப் பெண். தேதி குறித்த பிறகுதான் அக்காவுக்கு இப்படி ஆனது. தள்ளிப்போடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதற்கு அக்கா சம்மதிக்கவில்லை.

"தம்பி" என்றார் முதல் நாளே என்னிடம். "கை முழுசா வேணும்னு கேக்கல. ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் நாந்தான் கல்யாண மாலை கட்டுனேன். என் பிள்ளைக்கு ரெண்டு மாலை கட்டணும். அந்த அளவுக்கு வந்தா போதும். அதுக்கப்புறம் இது எப்படிப் போனாலும் போவட்டும்."

"ரெடிமேட்டா வாங்கிக்கலாம்மா" என்றான் குமரன்.

"வாய மூடு" என்றார் அக்கா.

வெந்நீரில் ஊறவைப்பது, மேசையில் கையை ஊன்றி நிற்பது, துணியால் மேசையைத் துடைப்பது எல்லாம் செய்து, கை கொஞ்சம் இளகிய பிறகு, பிஸ்கட் டின்னைத் திறந்தேன். சைக்கிள் கைப்பிடி ரப்பரைச் சுற்றித் தடிமனாக்கிய ஒரு பெரிய கொக்கியும் தடித்த நூலும் கொடுத்தேன். பூக்காரி இல்லையா, நூலைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வலது கை கொக்கியைப் பிடித்துக்கொள்ள, இடது கை நூலை ஓட்டிக் கொடுக்க, கோணல்மாணலாக ஒரு சுற்று வந்துவிட்டது. நான் மகிழ்ந்துபோய் மேடத்தைக் கூப்பிடத் திரும்பினேன். அதற்குள் அக்கா நூலைப் பல்லால் கடித்து இழுத்து, இடது கையால் ஒரு முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கடித்தே துண்டித்துவிட்டார்.

"ஏங்க்கா முடிச்சுப் போட்டீங்க? இத சேத்துட்டு அப்படியே மேல போகணும்."

"முடிச்சு இல்லாம நிக்குமா தம்பி? இழுத்தா பிரிஞ்சிடாது?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்தத் தப்பை வேறு யாரும் செய்ததில்லை. சுற்றுக்குச் சுற்று முடிச்சு. சுற்றுக்குச் சுற்று பல். மேடம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, உங்கட பல்லு நல்லாய் வேலை செய்யுது" என்றார் கடைசியில். "பூவையும் இப்பிடியே கட்டலாமே. ஒரு முனையைப் பல்லால பிடியுங்கோ."

அக்காவின் முகம் இருண்டுவிட்டது. கையில் இருந்த பின்னலை மேசையில் வைத்தார். குமரன் தரையைப் பார்த்தான். மேடம் என்னைப் பார்த்தார்.

"மேடம்" என்றேன், "மாலை நூல்ல வாய் படக்கூடாது. எச்சில் ஆயிடும். சாமிக்கும் கல்யாணத்துக்கும் ஆகாது."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேற என்னென்ன ஆகாது? எல்லாத்தையும் சொல்லுங்கோ. தெரியாமல் நான் திட்டம் போட ஏலாது."

அக்கா சொன்னார். காலில் நூலை மாட்டிக் கட்டக்கூடாது. கட்டும்போது தலையைத் தொடக்கூடாது. கட்டி முடித்த மாலையை இடது கையால் நீட்டக்கூடாது. அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை மாலையைத் தாய்தான் எடுத்துக் கொடுப்பாள், அது வலது கையால்தான் போக வேண்டும். மேடம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், டாக்டர் சொல்வதைக் கேட்பது மாதிரி.

கல்யாணம் நெருங்கிய ஒரு நாள், கடையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் கொடுத்தனுப்பினார் என்று ஒரு பை மல்லிகையோடு அக்காவும் குமரனும் வந்தார்கள். அந்த அறையில் எப்போதும் டெட்டால் வாசம்தான். அன்றைக்குப் பக்கத்துப் பிரிவு ஆட்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அக்கா இடது கையால் ஒரு பிடி பூ எடுத்து வலது கைக்கு மாற்றினார். பூக்களைச் சேர்த்துப் பிடிக்க அந்தக் கைக்குத் தெரிந்தது. காம்புகளை நூலில் வைத்துவிட்டு விரலை விட வேண்டும். விடவில்லை. விடச் சொல்லி அவர் முயல முயலக் கை இன்னும் இறுகியது. பிரித்துப் பார்த்தபோது உள்ளங்கையில் மல்லிகை நசுங்கிக் கூழாகிக் கிடந்தது. இன்னொரு பிடி எடுத்தார். அதுவும் அப்படியே ஆனது.

அக்காவுக்குக் கண்ணீர் வழிந்தது. "பூவக் கொல்றேன் தம்பி" என்றார். "இவன ரெடிமேட் மாலை வாங்கிக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு இரண்டு அப்பாயின்மெண்டுக்கு வரவில்லை. போன் எடுத்தால் குமரன், "அம்மா வேணாங்கிறாங்க அண்ணே" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைச் சொல்வதில் வெட்கம் என்ன இருக்கிறது. நான் சொந்த அக்காவைப் போலத்தான் அவரை நினைத்திருந்தேன்.

வராத பேஷண்டை வீட்டில் போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலையில் சேர்த்திதான். மேடம் பையை எடுத்துக்கொண்டு, "வாரும்" என்றார். வீட்டில் ஆள் இல்லை. தெங்கேரா பூக்கடைக்குப் போனோம். கணவர் சரம் கட்டிக்கொண்டிருந்தார், பாவம், ஒரு மாதிரியாகத்தான் வந்தது. கூடவே அக்காவிடம் முன்பு வேலை பழகிய இரண்டு பெண்கள். அக்கா சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் வணக்கம் சொல்லிவிட்டு, பூக்கூடைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வெகுநேரம் வேலையைப் பார்த்தார். ஒரு பெண் சரத்தைக் கட்டி நீளமாகத் தொங்கவிட்டாள். இன்னொருத்தி அதே மாதிரி ஒன்று.

"இது மாலையோ?" என்று கேட்டார் மேடம்.

"இல்லீங்க" என்றார் அக்கா. "இது சரம்."

"எப்ப மாலையாகும்?"

அக்கா சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை கேள்வி என்பதைப் போல. "ரெண்டு சரத்தையும் கீழ சேப்போம்ல, குஞ்சம் வச்சு. அப்பத்தான் மாலை. அதுவரைக்கும் எத்தன மொழம் கட்டுனாலும் சரந்தான்."

"சரத்தை இந்தப் பிள்ளையள் கட்டலாமோ?"

"அவளுங்க நல்லா கட்டுவாளுங்க. நாந்தானே பழக்குனேன்."

"அப்ப சேர்க்கிறதை நீங்கள் செய்யுங்கோ."

அக்கா முந்தானைக்குள் இருந்த கையை வெளியே எடுத்துப் பார்த்தார். "முடிச்சுப் போட ரெண்டு கை வேணும். இல்லன்னா பல்லு வேணும்."

மேடம் பையைத் திறந்து சைக்கிள் ரப்பர் சுற்றிய கொக்கியை எடுத்து அவர் மடியில் வைத்தார். "முடிச்சு வேண்டாம் எண்டுதானே இவர் உங்களுக்குத் தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னவர்."

அன்று நடைபாதையிலேயே செய்து காட்டினேன். ஒரு சரத்தின் அடி வளையத்தில் கொக்கியை விட்டு, மற்றச் சரத்தின் நூலைப் பிடித்து, வெளியே இழுப்பது. அடுத்த வளையம், மறுபடி. சுற்றைச் சேர்க்கும் அதே வேலை. கடைசியில் நூலைக் கத்தரியால் வெட்டி, அதன் நுனியைக் கடைசி வளையத்துக்குள் கொண்டுபோய் இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும். அக்கா வாங்கி, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். கணவரிடம் கொடுத்து இழுக்கச் சொன்னார். பிரியவில்லை.

"நிக்குது" என்றார், ஏதோ எனக்குத் தெரியாததைச் சொல்வது போல.

மறுநாளே வந்துவிட்டார். பழைய துணியைக் கிழித்துச் சரம் மாதிரி செய்து, சேர்த்துக்கொண்டே இருந்தோம். நூலை ஓட்டிக் கொடுப்பது இடது கை. கொக்கியும் கடைசி இழுப்பும் வலது கை. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் கொக்கியைக் கீழே வைக்க வேண்டும், வைத்தே ஆக வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு முறையும் நின்றது. மேடம் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். விரலை விரிக்க முயலாதே. விரலை மறந்துவிடு. மூச்சை விட்டு, மணிக்கட்டை மட்டும் முன்பக்கம் தொங்கவிடு. மணிக்கட்டு மடிந்தால் விரல் தானாக இளகும். சுண்டுவிரல் முதலில், பெருவிரல் கடைசியில். அக்கா கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். குமரன் பக்கத்து நாற்காலியில் தூங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். கொக்கி மேசையில் 'டக்' என்று விழும் சத்தத்துக்காக மூன்று பேரும் காத்துக் கிடப்போம். அந்தச் சத்தத்தைப் போல எனக்குப் பிடித்த சத்தம் அந்த நாளில் வேறு இல்லை.

கல்யாணம் கோயில் மண்டபத்தில். மேடம் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார், அதற்குக் கீழே அதே வெள்ளை வேலைச் செருப்பு. இருவரும் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றோம். மணவறையில் தட்டில் இரண்டு மாலை இருந்தது. ரோஜாவும் சம்பங்கியும் வைத்த கனமான மாலைகள். சரத்தை அந்தப் பெண்கள் கட்டினார்கள். காலையில் குளித்து வந்து இரண்டு மாலைக்கும் சரங்களைக் கொக்கியால் சேர்த்தது அக்கா. குஞ்சத்துக்கு மேலே அந்த இணைப்பு எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

ஐயர் சைகை காட்டினார். அக்கா மாப்பிள்ளை மாலையை இடது கையால் தூக்கி வலது கைக்கு மாற்றி, இடது கையைக் கீழே இறக்கிவிட்டார். வலது கை மட்டும் மாலையோடு நீண்டது. குமரன் இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கினான்.

மாலை வரவில்லை.

கையைப் பார்த்தேன். முஷ்டி இறுகியிருந்தது. கூட்டம், மேளம், வெளிச்சம், எல்லாம் சேர்ந்தால் அந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அக்காவின் தாடை இறுகியது. முயல்கிறார், முயலக்கூடாது என்று தெரிந்தும் முயல்கிறார். மேளக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். குமரனின் சித்தி ஒருவர், "விடு அக்கா, நான் எடுத்துக் குடுக்குறேன்" என்று விரலைப் பிரிக்க முன்னால் வந்தார்.

"தொடாதேங்கோ" என்றார் மேடம். சத்தமாக இல்லை. வார்டில் சொல்கிற அதே குரல். சித்தி நின்றுவிட்டார். எனக்கு மணவறைக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மேடத்தின் கைகள் முதுகுக்குப் பின்னால், பட்டுச்சேலை கசங்க ஒன்றையொன்று பிடித்திருந்தன. நானும் என் கையைக் கட்டிக்கொண்டேன்.

குமரன் இழுக்கவில்லை. எத்தனையோ நாள் பக்கத்து நாற்காலியில் தூங்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளை. மாலையின் கனத்தைத் தன் கையில் தாங்கியபடியே மெதுவாக முழங்கால் போட்டான். மாலை தாழ்ந்தது. அதோடு அக்காவின் மணிக்கட்டும் முன்பக்கமாக மடிந்து தொங்கியது.

"அவசரமே இல்லம்மா" என்றான். உதடு அசைந்ததிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

பிள்ளை ஆசீர்வாதத்துக்கு விழுகிறான் என்று நினைத்துப் பின்னால் யாரோ அட்சதை போட்டார்கள். உடனே மண்டபமே போட்டது. நேரம் கெட்ட நேரத்தில் போடுகிறார்களே என்று ஐயர் கையை ஆட்டினார், யாரும் கேட்கவில்லை. அந்த மஞ்சள் அரிசி விழுந்துகொண்டிருக்கும்போதே அக்கா கண்ணை மூடி மூச்சை விட்டார். சுண்டுவிரல் இளகியது. அடுத்தது. அடுத்தது. பெருவிரல் கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. பிறகு அதுவும் விட்டது.

மாலை மகன் கைக்குப் போனது. அக்கா கண்ணைத் திறந்தார், மகனைப் பார்க்கவில்லை. திறந்து கிடந்த தன் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் சம்பங்கி இதழ் ஒன்று நசுங்காமல் இருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரமானது. "இணைப்பைப் பாத்தீரோ?" என்றார் என்னிடம். "ஒரு பக்கமும் சாயேல்லை."

"பாத்தேன் மேடம்" என்றேன். உண்மையில் எனக்கு அப்போது எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

ஷர்மிளா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சுற்றைச் சேர்க்காமலும் பின்னலாம், பின்னல் அழகாகவே வரும். உன் பேஷண்டுக்கு மட்டும் சேர்த்துச் சொல்லிக்கொடு. முதல் தையலில் சிவப்பு நூல் போடு. சுற்று முடிந்ததும் கொக்கியைக் கீழே வைக்கச் சொல். வைக்க நேரமாகும். அதுவரைக்கும் உன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்.